கலை விழாவுக்குத் தலைக்கட்டு வரி

தை மாதத்தில் சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடுகிறார்கள். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வீச, கூட்டம் கைநீட்டிப் பிடிக்கிறது. நிலக்கோட்டை வட்டத்தில் பட்டிவீரன்பட்டியை ஒட்டிக் கிடக்கும் இந்தப் பேரூராட்சியில் வாழையும் தென்னையும்தான் பிழைப்பு. ஆகவே ஊர் தன் விளைச்சலையே சாமி பேரைச் சொல்லி ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்கிறது. கூட்டம் சேர்க்க யாரும் திட்ட அறிக்கை எழுதுவதில்லை. விழிப்புணர்வுப் பேரணி விடுவதில்லை. பழம் வீசுகிறவர், பிடிக்கிறவர், கூடை சுமக்கிறவர் என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு துறையோ தொண்டு நிறுவனமோ கல்லூரியோ கலை விழா எடுத்தால் காட்சி மாறிவிடும். அழைப்பிதழில் ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று அச்சாகியிருக்கும். முன்வரிசையில் அதிகாரிகள், நடுவில் சீருடையோடு பேருந்தில் ஏற்றி வரப்பட்ட மாணவர்கள், பின்னால் மேடையேறுகிறவர்களின் சொந்தக்காரர்கள். ஊர்க்காரர்கள் சாலையோரம் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விழாவை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் நடத்துகிறவர்களுக்கு இல்லாமல் இல்லை. அதற்கென்று பயிலரங்கு வைக்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள், தெருவில் பறை அடித்து அழைக்கிறார்கள். இவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். தமிழ்நாட்டில் இதற்கு ஐம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது, அதில் கணிசமான பங்கு திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

சீட்டுக் காசு தடை இல்லை என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். நம் ஊர்க் கலைகளில் பெரும்பாலானவை திறந்த வெளியில் இலவசமாகவே நடந்து வந்திருக்கின்றன. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை பறிக்கிற பெண்ணுக்கு வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அவளுக்கு இரவு பத்து மணி நிகழ்ச்சி என்பது அடுத்த நாள் கூலி. 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவளை வத்தலக்குண்டு வரை கொண்டுபோய்விடும், ஆனால் கடைசி டவுன் பஸ் போனபிறகு வீடு திரும்ப என்ன செய்வாள்? கழிப்பறை இல்லாத மைதானத்தில் நான்கு மணி நேரம் எப்படி உட்காருவாள்? இவற்றையெல்லாம் காசும் கவனமும் இருந்தால் சரிசெய்துவிடலாம். சரிசெய்யக் கடினமானது இன்னொன்று. ‘இது நம்ம விழாவா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று ஊர் முன்கூட்டியே வைத்திருக்கும் பதில்.

கோயில் விழா அந்தக் கேள்வியை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது வீண் போகாது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து அம்மன் கோயில் விழாக்களில் முளைப்பாரி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மண் சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பிப் பயறு விதைத்து வெயில் படாத வீட்டுக்குள் வைக்கிறார்கள். பாரி வளரும் நாட்களில் சாயங்காலமானால் பெண்கள் கூடிக் கும்மியடிக்கிறார்கள். வயதான ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், நடுவட்டத்தில் அடி தெரிந்தவர்கள் சுற்றுவார்கள், வெளிவட்டத்தில் பாவாடைச் சிறுமிகள் ஒரு தட்டுப் பின்தங்கியே தட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் அவர்களை நிறுத்தித் திருத்துவதில்லை. மூன்றாம் நாளுக்குள் கால் தானாக விழும். பாரி எடுத்து ஊர்வலம் போகிற அன்றைக்கு முதல்நாள் ஒன்றும் தெரியாமல் நின்ற பிள்ளை வட்டத்துக்குள் இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் நீளும், ஊர்க்காரர்களே ஆசிரியர்களாக இருக்கும், முடிவில் எல்லோர் முன்னாலும் அரங்கேறும் பயிற்சி அது. பயிலரங்கு என்ற பெயர்தான் அதற்கு இல்லை.

ஆனால் கோயில் விழாவைப் பொன்னாகச் சித்திரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த விழாவின் அச்சாணி தலைக்கட்டு வரி. பெரும்பாலும் மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு, அவர் பெயரில் வரி. வரி கொடுத்தவர் ஊர்க்கூட்டத்தில் பேசலாம், மண்டகப்படி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். கொடுக்காதவர் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் கோயில் விழாவை ஒட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் சமாதானக் கூட்டங்களைப் பற்றிய செய்திகளைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், தலித் மக்களின் புகார் பல இடங்களில் ‘எங்களிடம் வரி வாங்க மறுக்கிறார்கள்’ என்பதுதான். காசு கேட்காமல் விட்டதைச் சலுகையாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. வரி வாங்காத வீட்டுக்கு விழாவில் பங்கில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பெண்கள் தனித் தலைக்கட்டாக எண்ணப்படாததும் இந்தக் கணக்கின் இன்னொரு முகம்.

கலை விழாக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘உங்களுக்கு எல்லாமே இலவசம்’ என்று சொல்கிற விழா ஊரில் யாரிடமும் வரி வாங்குவதில்லை. உழைப்பையோ அறிவையோ கருத்தையோ கேட்பதில்லை. ஆகவே யாரையும் பங்காளியாக்குவதும் இல்லை. பயிலரங்கு உருப்படியாக நடந்தால் அது கோயில் விழா விட்டுவைத்தவர்களிடமும் போய் வரி கேட்கிற காரியம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நடந்த சிலவற்றைப் பார்க்கலாம்.

காந்திகிராமத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. டி.எஸ்.சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிய நிறுவனம் அது. 1977இல் தேசிய நாடகப் பள்ளி அங்கே 70 நாள் நாடகப் பயிலரங்கு ஒன்றை நடத்தியது. தேசிய நாடகப் பள்ளியில் பயின்று காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்த சே.இராமானுஜம் அதற்கு முக்கியக் காரணம். தமிழ் நவீன நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகமுடியாது. அதில் கலந்துகொண்ட மு.ராமசாமி அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். தெருமுனைகளில் நாடகம் போடும் குழுவாக அது வளர்ந்தது. மூன்று நாளில் முடிந்திருந்தால் இது நடந்திருக்காது. 70 நாள் ஒரே இடத்தில் தங்கி, உடம்பையும் குரலையும் பழக்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, நாடகம் தயாரித்தவர்களுக்கு வீடு திரும்பியதும் சும்மா இருக்கமுடியவில்லை. அதேசமயம் அது பெரும்பாலும் படித்த நாடக ஆர்வலர்களுக்கான முகாம். சுற்றுவட்டார விவசாயக் கூலிகளிடம் அது வரி கேட்கவில்லை. கேட்பது அதன் நோக்கமும் இல்லை.

அதே 1977இல் கென்யாவில் லிமுரு நகருக்குப் பக்கத்துக் கமிரீத்து கிராமத்தில் நேர் எதிரான சோதனை நடந்தது. எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, கூகி வா மிரீயுடன் சேர்ந்து கிக்கூயூ மொழியில் எழுதிய நாடகத்தை அந்த ஊர்க் கல்வி, பண்பாட்டு மையத்து மக்களிடம் கொண்டுபோனார். விவசாயிகளும் தொழிற்சாலைக் கூலிகளும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, ‘கிழவர்கள் இப்படியா பேசுவார்கள்?’ என்று மொழியைத் திருத்தினார்கள். ஒத்திகை திறந்தவெளியில் நடந்தது. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், இடையில் பேசலாம். சுமார் 2000 பேர் உட்காரும் அரங்கை ஊராரே கட்டினார்கள். அக்டோபரில் மேடையேறிய நாடகத்தை நவம்பரில் அரசு தடை செய்தது, டிசம்பர் 31 அன்று கூகி கைதானார், 1982இல் அரங்கை இடித்துப் போட்டார்கள். ஊர் தன் வரியைத் தானே கட்டி எழுப்பிய விழா ஆட்சியாளர்களுக்கு அவ்வளவு பயம் தந்திருக்கிறது. ஒத்திகையைத் திறந்துவைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் விழாக்களில் ஒத்திகை மூடிய கதவுக்குள் நடக்கிறது. முடிந்த பண்டம்தான் மக்கள் கைக்கு வருகிறது.

பக்கத்து மாநிலத்தில் ஹெக்கோடு இருக்கிறது. சிவமொக்கா மாவட்டம், சாகர் வட்டத்துப் பாக்குத் தோட்ட ஊர். 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற அமைப்பை கே.வி.சுப்பண்ணா வளர்த்தார். 1980இல் நாடகப் பள்ளி, 1985 முதல் திருகாட்ட என்னும் ஊர் சுற்றும் நாடகக் குழு, ஆண்டுதோறும் பண்பாட்டு முகாம் என்று அது விரிந்தது. உலக சினிமாவைக் கிராமத்து மக்களுக்குப் போட்டுக்காட்டி உட்கார்ந்து பேசவைத்தார்கள். 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. ஹெக்கோட்டைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் உடனே ‘அது கர்நாடகா, அங்கே ஆதரவு உண்டு’ என்று முடித்துக்கொள்வார்கள். ஆதரவு பின்னால் வந்தது. முன்னால் வந்தது ஊரில் தங்கிய ஆள். சுப்பண்ணா அந்த ஊர்ப் பாக்கு விவசாயி, விழா முடிந்து ரயில் ஏறிப் போகிறவர் இல்லை. திருகாட்ட ஓர் ஊருக்குப் போனால் அந்த ஊர் அமைப்பு ஒன்று அதை ஏற்று நடத்தும். குழு நாடகத்தைக் கொண்டுவரும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

இதே முறையை நம்மூரில் 1990களில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் கையாண்டன. முகாமில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேனில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் போட்டார்கள், சாப்பாடு போகிற ஊரிலேயே. சாப்பாடு போடுவதும் ஒரு வரிதான். சோறு போட்ட வீட்டுக்காரர் நாடகத்தை அந்நியமாகப் பார்ப்பதில்லை. அறிவொளி ஓய்ந்ததும் அந்தக் குழுக்களில் பல கலைந்துபோனது வருத்தம்தான், ஆனால் இன்று திண்டுக்கல், மதுரைப் பக்கம் நடுத்தர வயதில் இருக்கும் நாடகக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்களில் கொஞ்சம் பேராவது அந்த வேனைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருவோம். 1990 முதல் இங்கே இயங்கிவரும் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட ஒருபடி மேலே நிற்கிறது என்பது என் கருத்து. சகோதரி சந்திரா முன்னின்று வளர்த்த இந்த மையம் தலித் இளம்பெண்களுக்குப் பறை, கும்மி, ஒயில், கரகம் என்று கற்பித்து மேடையேற்றுகிறது. கூடவே கைத்தொழில், சமூகத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் நடக்கிறது. அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இந்த மையத்தைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார்.

பறை கற்கிற முதல் நாட்களைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த மையம் செய்ததன் எடை புரியும். எடுத்தவுடன் பறையைக் கையில் கொடுப்பதில்லை. முதலில் வாயால் சொல்லி, கையால் தட்டி, காலால் மிதித்து அடவு ஏற வேண்டும். பிறகு வலது கைக்குக் கட்டையான அடிக்குச்சி, இடது கைக்கு மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. பறை தோளில் தொங்கும், இடது கை அதைத் தாங்கிக்கொண்டே அடிக்கவும் வேண்டும். ஆட்டத்துக்கு முன் வைக்கோலோ சருகோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று ஏறியதும் எடுப்பார்கள். இந்த வேலையெல்லாம் பரம்பரையாக ஆண்கள் செய்தது, அதுவும் ஒரு சாதியின் தலையில் சாவு வீட்டுக் கடமையாகச் சுமத்தப்பட்டது. அந்தக் கருவியை ஒரு பெண் விரும்பி எடுத்து, மேடையில் சலங்கை கட்டி ஆடிக்கொண்டே அடிக்கும்போது கேட்பவர்கள் காதில் தாளம் மட்டும் விழுவதில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பறையை விட்டொழிப்பதே விடுதலை என்று தலித் இயக்கங்களுக்குள் ஒரு வலுவான தரப்பு உண்டு. மீட்டெடுப்பதே விடுதலை என்பது இன்னொரு தரப்பு. 1990களில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழாக்கள் இரண்டாவது தரப்புக்கு மேடை தந்தன. அங்கே பாட்டுக் கட்டிய பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டை இறையியல் வகுப்புக்குள் கொண்டுவந்தவர். இன்று சென்னையிலும் கோவையிலும் வார இறுதிப் பறைப் பயிற்சிக்கு மென்பொருள் ஊழியர்கள் ஆர்வமாகப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு சிற்றூரில் பறைப் பயிலரங்கு வைத்து, காலனிப் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்தால் பழைய கடமையைப் புதுப் பெயரில் திணித்ததாகிவிடும். ஊர்த் தெருப் பிள்ளைகளும் அதே பாயில் உட்கார்ந்து, தெருவில் காலமெல்லாம் அடித்த மூத்த கலைஞரை ஆசிரியர் என்று அழைத்து, அவருக்குச் சம்பளமும் தந்தால் அது வேறு சங்கதி. எந்தக் கலை என்பதைவிட யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள், எந்தத் தெருவில் வைத்து என்பதுதான் ஊர் முதலில் கவனிக்கிற விஷயம். பயிலரங்கு நடக்கும் இடம் சமுதாயக் கூடமா, கோயில் மண்டபமா, காலனிப் பள்ளியா என்பதிலேயே பாதி விழா முடிவாகிவிடுகிறது.

இடம் மாற்றிப் பார்த்த சோதனை சென்னையில் நடந்தது. 2015 பிப்ரவரி இறுதியில் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலானோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதம், பரதம், பறையாட்டம், கூத்து எல்லாம் மீனவர் குடியிருப்பில் ஒரே மேடையில். பின்னாட்களில் சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாற்றிக்கொண்டு வேறு இடங்களுக்கும் போனது. ‘மீனவர்களுக்கு ராகம் புகட்டப் போகிறார்களா?’ என்று அன்று கிண்டல் எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் விழாக்காரர்கள் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காத பெசன்ட் நகர்வாசிகளை உள்ளே வரவைப்பதும் நோக்கம் என்றார்கள். மார்கழி சீசனில் சபா வாசலைத் தாண்டத் தயங்குகிறவர்களைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, வசதியுள்ளவர்களும் தாண்டத் தயங்கும் வாசல் ஒன்று இருக்கிறது என்பது உறைத்தது. இருந்தாலும் ஓர் உறுத்தல் பாக்கி. விழா குப்பத்தில் நடந்தது உண்மை, அது பிரபலமானது பாடகரின் பெயரால் என்பதும் உண்மை.

2007 பொங்கலில் கனிமொழியும் ஜெகத் கஸ்பரின் தமிழ் மையமும் முன்னெடுத்த சென்னை சங்கமம் இதற்கு முன்பே பூங்காக்களையும் கடற்கரையையும் மேடையாக்கியது. இடையில் நின்று, 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு அரசு விழாவாகத் திரும்பி வந்து, பிற நகரங்களுக்கும் விரிந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கௌரவமும் வருமானமும் தந்ததில் அதன் பங்கை யாரும் மறுக்க முடியாது. என் குறை நேரத்தைப் பற்றியது. விடிய விடிய நடக்கிற கூத்தைக் கால் மணி நேரத்துக்குச் சுருக்கினால் பார்வையாளர் பார்ப்பது உடையும் வேகமும்தான், கதை இல்லை. பயிலரங்கும் இல்லாமல் துண்டு மட்டும் காட்டினால் கலை பண்டிகைக்கால அலங்காரமாகிவிடும். காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் பி.ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் இதற்கு நேர்மாறு. பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் ஆடினார்கள். ஆண்டுக்கணக்கில் வளர்ந்தவர்கள் விழாவில் ஆடும்போது அவர்கள் பெற்றோரும் ஊராரும் விடியவரை உட்கார்ந்திருந்தார்கள்.

ஈழத்தில் இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. மட்டக்களப்புச் சீலாமுனையில் 2002 முதல் சி.ஜெயசங்கரும் தோழர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம். பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூத்தைத் ‘திருத்திக்’ கொடுக்கவில்லை. கூத்தாடுகிற ஊராரோடு உட்கார்ந்து, பிரதியில் பெண்களையும் சாதியையும் பற்றி வருகிற இடங்களை எடுத்துவைத்து, இதை இன்றைக்கு இப்படியே ஆடலாமா என்று பேசினார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மறுத்தார், சிலர் ஒத்துக்கொண்டார்கள், மறுபடி பேசினார்கள். மாற்றம் களரியில் தீர்மானமானது. பயிலரங்கு என்றால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நாம் பழகிவிட்டோம். தெரிந்தவர்களே கூடித் தங்களுக்குத் தெரிந்ததைச் சந்தேகப்படுவதும் பயிலரங்குதான்.

பள்ளிக்கூடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறி, கலையரசன், கலையரசி பட்டம் வரை போகிறது. பரிசுக்காகவாவது பிள்ளைகள் பறையும் வில்லும் தூக்குகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் போட்டி என்பது வடிகட்டி. ஒவ்வொரு படியிலும் விழாவுக்கு வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். கற்றுக்கொடுக்க ஆள் யார் என்று கேட்டால், 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத்தான் காட்டவேண்டும். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை என்று சேர்ந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். அவர்களில் இசைக்கும் நாடகத்துக்கும் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். பட்டிவீரன்பட்டி, சேவுகம்பட்டிப் பிள்ளை வில்லுப்பாட்டில் மாவட்டம் வரை போனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்ட ஒரு வகுப்பாசிரியையாக இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் பற்றி நம் விழாக்கள் யோசிப்பதே அண்மைக்காலத்தில்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை அவர்கள் உரிமை என்கிறது. 2022 நவம்பரில் மெரினாவில் கடல் வரை மரப்பாதை போட்டபோது சக்கர நாற்காலியில் வந்தவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாக அலையைத் தொட்டுவிட்டுப் பேசியதை எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். சரிவுப்பாதை முதல் படி மட்டும். பார்வையற்ற ஒருவருக்குக் கூத்து பார்க்க வழி என்ன? ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவரை வேடம் கட்டுகிற இடத்துக்கு அழைத்துப்போய், கிரீடத்தையும் புஜக்கட்டையையும் தடவிப் பார்க்கவிட்டு, அது லேசான மரம், மேலே பதித்திருப்பது கண்ணாடித் துண்டு என்று சொன்னால், பிறகு மேடையில் சலங்கை குதிக்கும்போது அவருக்கு ஓர் உருவம் இருக்கும். செலவே இல்லாத பயிலரங்கு இது. பார்வையுள்ள பிள்ளைகளும் இதற்குத்தான் முதலில் ஓடிவருவார்கள்.

ஒரு நாள் பயிலரங்குகளைப் பற்றிக் கடுமையாகச் சொல்லத் தயங்கமாட்டேன். பேனர், வரவேற்புரை, தேநீர், இரண்டு மணி நேரப் பயிற்சி, சான்றிதழ், குழுப் படம். அறிக்கையில் பயனாளிகள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை ஏறும். ஊருக்கு எதுவும் ஏறாது. காசு கொடுப்பவர்கள் எண்ணிக்கை கேட்பதால் நடத்துகிறவர்கள் எண்ணிக்கை தயாரிக்கிறார்கள், இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே காசில் ஒரு தெருவில் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் மாலைநேரப் பயிற்சி தரலாம்.

மக்களைத் தேடிப் போவதில் எழுத்துக்காரர்களுக்கும் ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கினார், பிறகு தான் பதிப்பித்த புத்தகங்களைப் பையில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். வாசகன் வரமாட்டான் என்றால் நாம் போவோம் என்ற பிடிவாதம் அது. வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டக் கணக்கு.

சேவுகம்பட்டி மாதிரி ஓர் ஊரில் கலை விழா எடுக்க நினைக்கிறவர்களுக்குக் காலண்டர்தான் முதல் கேள்வி. திண்டுக்கல், மதுரை வட்டாரத்தின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களும் கரகாட்டக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும் பங்குனியிலிருந்து ஆடி வரை தேதி கிடைக்காமல் ஓடுவார்கள். ராத்திரி ஓர் ஊர், மறுராத்திரி வேறு ஊர். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பின்பாட்டு வேறோர் ஊரிலிருந்து என்று தனித்தனியாகப் புக் ஆகி வந்து, ஒத்திகை இல்லாமலே விடியவிடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டுப் போவார்கள். புரட்டாசி பிறந்தால் கைவேலை குறையும். பலர் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போவது அந்த மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அவர்களை மாதச் சம்பளத்துக்கு ஊர்ப் பள்ளியிலும் சமுதாயக் கூடத்திலும் ஆசிரியர்களாக வைத்தால், அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம் ஊருக்குப் பயிற்சிக் காலமாகும். விழாவைத் தையில் வைக்கலாம், சூறைக்குப் பழம் கட்டி வரும் சனம் எப்படியும் ஊரில் இருக்கும். பூப்பறிக்கிறவர்கள் பகலில் தூங்கி எழுந்த பிறகு நாலு மணிக்குப் பயிற்சி, ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். நிகழ்ச்சி இரவில்தான் என்றால் கடைசி பஸ் நேரத்தைப் போக்குவரத்துக் கழகக் கிளையில் முன்பே பேசி மாற்றிவைக்கலாம். பொங்கலுக்குச் சிறப்புப் பேருந்து விடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

விழாக் குழு கூடும்போது பேரூராட்சியின் எல்லா வார்டிலிருந்தும், ஊர்த் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும், ஆளுக்கு ஐம்பது ரூபாயாவது வரி வாங்க வேண்டும். பெண்கள் பெயரில் தனியாகவும் வாங்க வேண்டும். வரி கொடுத்தவர் பெயரை நோட்டீஸில் அச்சடித்தாக வேண்டும், கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசித்தாக வேண்டும். மேடை எங்கே போடுவது என்பதை அந்தக் கூட்டம் முடிவு செய்யட்டும். காலனி முகப்பில் போடலாமா என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் எழுந்து போவார். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, ஐப்பசியிலேயே அந்தச் சண்டை வந்துவிடுவது நல்லது. தையில் வந்தால் பேசித் தீர்க்க நேரம் இருக்காது.